கேட்டலும் வினாவலும்



சுருத பஞ்சமி என்றவுடன் நம் நினைவில் எழுவது ஏடு. ஜேஷ்ட மாத வளர்பிறை ஐந்தாம் நாளில் ஆலயங்களில் சாத்திர நூல்களைப் பட்டின்மேல் எழுந்தருளச் செய்து, மலரிட்டு, அர்க்கியம் சமர்ப்பித்து வணங்குகின்றோம். செய்யத்தக்கதே. ஆயினும் அந்நாளின் பெயரைச் சற்றே உற்று நோக்குங்கள். 'சுருதம்' என்னும் சொல்லுக்கு எழுதப்பட்டது என்பது பொருளன்று. கேட்கப்பட்டது என்பதே பொருள். ஏட்டைப் போற்றும் நாளுக்கு நம் முன்னோர் செவியின் பெயரையே இட்டுவிட்டுச் சென்றனர்.

தமிழ் மொழி இதைவிட ஒருபடி மேலே செல்கின்றது. 'கேள்வி' என்ற ஒரே சொல், செவியால் கேட்பதையும் குறிக்கும். வாயால் வினாவுவதையும் குறிக்கும். ஆசிரியர் சொல்வதைக் கேட்பவனும் கேள்வியுடையவன். ஐயத்தை எழுப்புபவனும் கேள்வியுடையவன். இவ்விரண்டில் ஒன்றை நாம் பேணிக் காத்து வருகின்றோம். மற்றொன்றை மெல்ல மெல்லக் கைவிட்டு வருகின்றோம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

மகாவீர பகவானுடைய வாழ்வில் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். வைசாக மாத வளர்பிறைத் தசமியன்று, ருஜுகூலா ஆற்றங்கரையில் பகவான் கேவல ஞானம் எய்தினார். தேவர்கள் சமவசரணம் அமைத்தனர். பன்னிரு அவைகளும் நிறைந்தன. எல்லாப் பொருளையும் ஒருங்கே அறியும் ஞானம் அங்கே வீற்றிருக்கின்றது. கேட்பதற்கு மூவுலகமும் கூடியிருக்கின்றது. ஆனால் திவ்வியத்தொனி எழவில்லை. ஒரு நாளன்று, இரு நாளன்று, 66 நாள்கள் எழவில்லை.

காரணம் யாது? சொல்பவரிடத்துக் குறையில்லை. பகவான் அருளும் பொருளை முழுதும் ஏற்று, பன்னிரண்டு அங்கங்களாகத் தொகுத்து, பிறர்க்கு எடுத்துரைக்கவல்ல கணதரர் ஒருவர் அவையில் இல்லை என்பதே காரணமென நம் ஆசாரியர்கள் கூறுவர். இதனை உணர்ந்த சௌதர்மேந்திரன், முதிய அந்தணன் வடிவில், நூல்வல்லவரும் செருக்குடையவருமான இந்திரபூதி கௌதமரிடம் சென்றான். அவரை வாதில் வெல்ல அவன் முயலவில்லை. "இச்செய்யுளுக்குப் பொருள் சொல்லியருளுக" என்று ஒன்றை மட்டும் வினவினான். அதிலே திரவியம் ஆறு, பதார்த்தம் ஒன்பது என்றவாறு எண்கள் வந்தன. அவை யாவை என்று கௌதமருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று ஒப்பவும் மனமில்லை. "உன் ஆசிரியரிடமே பேசிக்கொள்கிறேன்" என்று புறப்பட்டவர், மானத்தம்பத்தைக் கண்ட அளவில் செருக்கு நீங்கினார். ராஜகிருகத்து விபுலாசலத்தில், சிராவண மாதத் தேய்பிறைப் பிரதமையன்று திவ்வியத்தொனி எழுந்தது. அந்நாளையே வீரசாசன ஜயந்தி எனக் கொண்டாடுகின்றோம்.

இவ்வரலாற்றை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். கௌதமரின் செருக்கு அழிந்ததையே கதையின் சாரமாகச் சொல்லி முடித்துவிடுகின்றோம். எனக்கோ வேறொன்று பெரிதாகத் தோன்றுகின்றது. 66 நாள்களாக நின்றிருந்த பேரருவி பெருகுவதற்கு வழி திறந்தது ஒரு வினா. அதுவும் விடை தெரியாத ஒருவரின் உள்ளத்தில் தைத்த வினா. அதன் பின்னரும் பாருங்கள். மகத நாட்டு மன்னன் சிரேணிகன் கௌதமரை வினவினான், அவர் விடையிறுத்தார். நம் புராணங்களெல்லாம் அவ்வாறே தொடங்குகின்றன. நம் மூதாதையர் பலரும் மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணத்தை ஆலய மண்டபத்தில் ஒருவர் படிக்க ஏனையோர் கேட்டே அறிந்தனர். சிரேணிகன் வாய்மூடி அமர்ந்திருந்தால் நமக்கு அப்புராணச் செல்வம் வந்திராது.

திவ்வியத்தொனியைப் பற்றி இன்னொரு செய்தியும் ஈண்டு நினையத்தக்கது. அவ்வொலியைக் கேட்ட தேவரும் மாந்தரும் விலங்குகளும் தத்தம் மொழியிலே பொருள் உணர்ந்தனர் என்பது ஆகம வாக்கு. இதனை அதிசயம் என்று வணங்குகின்றோம், வணங்க வேண்டுவதே. ஆசிரியப் பணி செய்வோர் இதனைத் தமக்கு இட்ட கட்டளையாகவும் கொள்ளலாம். கேட்பவனுடைய மொழிக்குச் சொல் இறங்கி வரவேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்குக் 'கர்மப் பிரகிருதி' என்று சொல்லிவிட்டு நகர்வது உபதேசம் ஆகாது.

இனி ஏட்டுக்கு வருவோம். பகவானுக்குப் பின் பல நூற்றாண்டுகள் ஆகம அறிவு வாய்மொழியாகவே வந்தது. நினைவாற்றல் குறையக் குறைய அங்க ஞானமும் சுருங்கியது. சௌராட்டிர நாட்டு ஊர்ஜயந்த மலையில், சந்திரக் குகையில் தவமிருந்த தரசேன ஆசாரியர், தம்மோடு இவ்வறிவு அழிந்துபடுமே என அஞ்சி, மகிமா நகரில் கூடியிருந்த தென்னாட்டு முனிவர்களுக்கு ஓலை விடுத்தார். அவர்கள் இருவரை அனுப்பினர். வந்தவர்க்கு உடனே பாடம் தொடங்கவில்லை. இருவருக்கும் ஒவ்வொரு மந்திரம் தந்து சாதிக்கச் சொன்னார். ஒன்றில் ஓர் எழுத்து மிகை. மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறை. சாதித்தபோது தோன்றிய தேவதைகளுள் ஒருத்திக்குப் பல் நீண்டிருந்தது. மற்றொருத்திக்கு ஒரு கண் இல்லை. தெய்வ வடிவில் ஊனம் இருத்தலாகாதே என்று இருவரும் எண்ணினர். மந்திர இலக்கணத்தால் ஆராய்ந்து, மிகையைக் களைந்து, குறையை நிரப்பி மீண்டும் சாதிக்க, தேவதைகள் தம் இயல்பான வடிவிற் காட்சி தந்தனர். அதன் பின்னரே தரசேனர் கற்பிக்கலானார். அவர்களே புட்பதந்தரும் பூதபலியும்.

ஆசிரியர் தந்ததை அப்படியே உருவேற்றி ஒப்பித்திருந்தால் அவர்கள் தேர்வில் தோற்றிருப்பர். பணிவும் வேண்டும், கேட்டதைச் சீர்தூக்கும் விழிப்பும் வேண்டும். இரண்டும் உடையோரிடமே தரசேனர் தம் உயிரினும் இனிய செல்வத்தை ஒப்படைத்தார். புட்பதந்தர் சத்பிரரூபணைச் சூத்திரங்களை இயற்றி, ஜினபாலிதர் வாயிலாகப் பூதபலியாருக்கு அனுப்பினார். அப்போது பூதபலியார் இருந்தது திரமிள தேசம், அதாவது நம் தமிழ்நாடு, எனத் தவளை உரை கூறுகின்றது. எஞ்சிய பெரும்பகுதியை அவரே முடித்தார். ஆகவே சட்கண்டாகமம் உருப்பெற்றதில் நம் மண்ணுக்கும் பங்குண்டு என்று கொள்ள இடமுண்டு. நாம் இதனை அடிக்கடி சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

அவ்வாறு ஏட்டில் ஏறிய நூலுக்கு என்ன நேர்ந்தது? வீரசேன ஆசாரியர் கி.பி. 816இல் அதற்குத் தவளை என்னும் பேருரையை நிறைவு செய்தார். அவ்வுரையைப் பிரித்துப் பார்த்தவர் அறிவர். பக்கந்தோறும் ஐயம், அதற்கு விடை, அவ்விடைமேல் மீண்டும் ஐயம், மீண்டும் விடை என்றே அது நடக்கின்றது. தனியே அமர்ந்து எழுதினும், எதிரே ஒரு மாணாக்கன் அமர்ந்து குடைந்து குடைந்து வினவுவதாகவே அவர் எழுதினார். அத்தகைய நூல் பின்னர் மூடபித்திரியின் சித்தாந்த பசதியில் ஓலைச்சுவடியாகப் பல நூற்றாண்டுகள் இருந்தது. யாத்திரிகர் தொலைவில் நின்று தரிசித்தனர், வணங்கினர், திரும்பினர். படிப்பார் இல்லை, படித்துச் சொல்வார் இல்லை, கேட்பாரும் இல்லை. 1939ஆம் ஆண்டில் முனைவர் ஹீராலால் ஜெயின் பதிப்பாசிரியராக நின்று முதல் தொகுதியை வெளியிட்டார். 1958இல் பதினாறாம் தொகுதியோடு அப்பணி நிறைவுற்றது. சுவடியைக் காத்தோர்க்கு நாம் என்றும் கடன்பட்டவர்களே. ஆயினும், ஏடு நூலைக் காக்கும். கற்பித்தலை அது தானே செய்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம் வரலாற்றில் இல்லை.

கற்றல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரே சூத்திரத்தில் வகுத்துள்ளார். சுவாத்தியாயம் ஐந்து வகை: வாசனை, பிருச்சனை, அனுப்பிரேட்சை, ஆம்னாயம், தர்மோபதேசம். நூலையோ பொருளையோ இரண்டையுமோ பிழையின்றித் தருவது வாசனை. வினாவுவது பிருச்சனை. அறிந்த பொருளை மனத்தில் மீள மீள எண்ணுவது அனுப்பிரேட்சை. ஒலித்தூய்மையோடு ஓதி உருவேற்றுவது ஆம்னாயம். அறத்தைப் பிறர்க்கு எடுத்துரைப்பது தர்மோபதேசம். இவ்வைந்தனுள் மனத்தளவில் நிகழ்வது அனுப்பிரேட்சை ஒன்றே. மற்ற நான்கும் நாவாலும் செவியாலும் நிகழ்வன. சுவாத்தியாயம் அகத்தவம் ஆறனுள் ஒன்று என்பதையும் மறவாதீர்கள். பேசுவதும் வினாவுவதும் உபவாசத்தைப் போல, தியானத்தைப் போல, வினையை உதிர்க்கும் தவம் எனக் கொண்ட மரபு நம்முடையது.

இதே பொருளை நம் தமிழில் ஒரு சமண முனிவர் சொல்லியிருக்கின்றார். நன்னூல் செய்த பவணந்தியார் மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட அந்நூலை இயற்றினார். பள்ளிகளில் நன்னூலை எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டுமே படிக்கின்றோம். அதன் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் அறியாமை நீங்கும் வழிகளாக அவர் அடுக்குவனவற்றைத் தத்துவார்த்த சூத்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசிரியரை அடுத்து நன்கு கேட்டல் என்கின்றார், அது வாசனை. பாடத்தைப் போற்றுதல் என்கின்றார், அது ஆம்னாயம். கேட்டதைச் சிந்தித்தல் என்கின்றார், அது அனுப்பிரேட்சை. வினாவுதலைச் சொல்கின்றார், அது பிருச்சனை. பிறர் வினாவியதற்கு விடை கூறுதலைச் சொல்கின்றார். அது தர்மோபதேசத்தின் தொடக்கம். வடமொழிச் சூத்திரத்தை மனத்தில் வைத்தே அவர் எழுதினார் என்று அடித்துச் சொல்ல நான் துணியேன். ஆனால் ஒரே அறத்தில் ஊறிய இரு உள்ளங்கள் ஒரே வழியைக் கண்டன என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர் ஒரு கணக்கும் தருகின்றார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் கிடைப்பது கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதால் இன்னொரு கால் பங்கு. தான் கற்றதைப் பிறர்க்கு உரைக்கும்போது எஞ்சிய அரைப்பங்கு. ஆசிரியராகிய ஒருவர் ஆசிரியருக்குக் கால் பங்குதான் என்று எழுதுவதற்கு எத்துணைப் பெருந்தன்மை வேண்டும்! நம் பாடசாலைகளிலோ இந்தக் கால் பங்கையே முழுமை எனக் கருதி நிறைவடைந்து விடுகின்றோம்.

மாணாக்கரை அவர் எட்டுப் பொருள்களோடு ஒப்பிடுகின்றார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்னும் நான்கும் கடை. கிளியை அவர் வைத்த இடத்தைக் கவனியுங்கள். சொல்லிக் கொடுத்ததை மட்டும் பிழையின்றிச் சொல்லும் கிளிக்கு முதலிடம் இல்லை. நம் விழாக்களில் பரிசு முழுவதும் கிளிக்கே போகின்றது. பக்தாமர தோத்திரத்தின் 48 சுலோகங்களையும் தடங்கலின்றி ஒப்பிக்கும் குழந்தைக்குக் கரவொலி எழுகின்றது. எழட்டும், ஆம்னாயமும் தவமே. ஆனால் அவற்றுள் ஒரு சுலோகத்தின் பொருளைப் பற்றி ஐயம் எழுப்பும் குழந்தைக்கு என்ன பரிசு வைத்திருக்கின்றோம்?

ஒரு சிற்றூர்ப் பாடசாலையில் நான் அமர்ந்திருந்த பொழுது நிகழ்ந்ததைச் சொல்கின்றேன். நீரை வடிகட்டிப் பருகுவதும் காய்ச்சிப் பருகுவதும் பற்றிப் பாடம். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி எழுந்தாள். "ஐயா, தண்ணீரே உயிர் என்று போன வாரம் சொன்னீர்கள். அப்படியானால் காய்ச்சினால் அந்த உயிர் செத்துப் போகாதா? அது பாவம் இல்லையா?" என்றாள். வகுப்பு சிரித்தது. பாடம் நடத்தியவர் நல்லவர். ஊதியம் வாங்காது உழைப்பவர். நேரம் ஆகிவிட்டதென்ற பதற்றமோ, விடை அப்போது நாவில் வராததோ, "பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும், உட்கார் அம்மா" என்றுவிட்டார். அவள் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

அவள் கேட்டது வீண் கேள்வியா? அகிம்சாணுவிரதத்தின் நடுமையத்தையே அவள் தொட்டாள். நீரை உடலாகக் கொண்ட உயிர் ஓரறிவுயிர், தாவர வகை. அந்நீரில் நீந்தும் நுண்ணுயிர்கள் இரண்டறிவு முதலாக உடையன, திரச வகை. வடிகட்டுதல் இத்திரச உயிர்களைக் காப்பதற்கே. அதனால்தான் வடிகட்டிய துணியைக் கவிழ்த்து, வடித்த நீராலேயே அலசி, எடுத்த கிணற்றிலேயே அந்நீரை மெல்லச் சேர்ப்பிக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் வற்புறுத்தினர். துணியில் தங்கிய உயிரை முற்றத்தில் உதறிவிட்டால் வடிகட்டியதன் பயன் என்ன? காய்ச்சும்போது நீருடல் உயிர்கள் அழிகின்றன. சிறுமி சொன்னது உண்மையே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. இல்லறத்தான் திரச உயிர்களை எண்ணிக் கொல்லுதலை விட்டவன். தாவர உயிர்களின் துன்பத்தை அறவே விலக்க அவனால் இயலாது, குறைக்க இயலும். வடிகட்டிய நீருக்கு எல்லை ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். அதன்பின் மீண்டும் வடிக்க வேண்டும். நன்கு கொதித்த நீரில் 24 மணி நேரம் வரை மீண்டும் உயிர் தோன்றுவதில்லை. தோன்றுவதும் அழிவதுமாகிய தொடர் அதனால் நிற்கின்றது. முனிவரோ காய்ச்சவும் மாட்டார், தமக்கெனக் காய்ச்சச் சொல்லவும் மாட்டார். இல்லறத்தார் தமக்கென ஆக்கியதில் ஒரு பகுதியையே ஏற்பார். சிறுமியின் ஒரு வினாவிலிருந்து உயிர்களின் அறிவு வகை, அணுவிரதம், மகாவிரதம், ஆகார தானம் ஆகிய நான்கு பாடங்கள் விரிகின்றன. அக்கதவைத் தட்டியவளை உட்காரச் சொல்லிவிட்டோம்.

விடை பெறாத குழந்தை, ஆசிரியருக்கு நேரமில்லை என்று எண்ணுவதில்லை. விடையே இல்லை என்று எண்ணிக்கொள்கின்றது. இரவு உண்ணாமை ஏன், கிழங்கு விலக்குவது ஏன், ஆசையற்ற அருகனுக்கு அபிடேகம் ஏன் என்று பத்து வயதில் கேட்பார்கள். பதினெட்டில் கேட்கமாட்டார்கள். விடுதிக்கும் வெளியூருக்கும் சென்ற பிறகு, யாரோடும் சச்சரவு இல்லாமல், ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள். இன்று நம் ஊர்களில் முதியோர் மட்டுமே அந்திக்கு முன் உண்ணும் வீடுகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அச்சிறுமி பெண் என்பதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. தொண்டை நாட்டு வேடாலில் முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையையும் அவர்தம் மாணாக்கர் ஐந்நூற்றுவரையும் குறிப்பிடுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில், 500 பேருக்குப் பாடம் சொன்ன பெண் ஆசிரியர். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பெயர்கள் உள்ளன. குரவர் என்பதன் பெண்பால் அது. இன்றைய தமிழில் அச்சொல்லே வழக்கொழிந்து போயிற்று.

வினாவுதலுக்கும் ஒழுங்கு உண்டு. பிருச்சனை என்பதற்கு விளக்கம் கூறும் பூஜ்யபாத ஆசாரியர், ஐயத்தை அறுத்துக்கொள்ளவும், தெளிந்ததை உறுதி செய்துகொள்ளவும் வினாவுவதே அது என்கின்றார். (இவருடைய மாணாக்கர் வச்சிரநந்தியே மதுரையில் திராவிட சங்கம் நிறுவினார் என்று தரிசனசாரம் கூறும்.) தன்னை உயர்த்திக் காட்டவும், பிறரை மடக்கி நகையாடவும் எழுப்பும் வினா சுவாத்தியாயம் ஆகாது. சொற்பொழிவு முடிந்ததும் எழுந்து, கால்மணி நேரம் தம் புலமையையே விரித்து, இறுதியில் வினாக்குறியை மட்டும் சேர்க்கும் பெரியோர் நம் கூட்டங்களில் இலர் என்று சொல்ல முடியுமா?

விடையிறுப்போர்க்கும் கட்டுப்பாடு உண்டு. அது இன்னும் கடினமானது. பாஷா சமிதி என்று முனிவர்க்கு விதித்தது நன்மை பயப்பதும், அளவானதும், ஐயத்துக்கு இடமற்றதுமாகிய சொல். வாய்மை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளுள் சினம், ஆசை, அச்சம், நகை ஆகிய நான்கையும் விடுதல் முதலில் வருகின்றது. ஆராய்ந்து பேசுதல் ஐந்தாவது. பாடம் சொல்வோர் இவ்வைந்தையும் தமக்கென்றே விதித்தனவாக எண்ணிக்கொள்ளலாம். பவணந்தியாரும் ஆசிரியர் விரைவும் வெகுளியும் இன்றி, முகம் மலர்ந்து, கொள்பவன் கொள்ளும் வகை அறிந்து கற்பிக்க வேண்டும் என்றே கூறுகின்றார். விடை தெரியாதபோது எழுவது பெரும்பாலும் சினம். அந்தச் சினத்தின் அடியில் இருப்பது அச்சம். எங்கே நம் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சம். "எனக்கு இது தெளிவாகத் தெரியாது, கேட்டறிந்து அடுத்த வாரம் சொல்கிறேன்" என்பதும் வாய்மை விரதமே.

நம் தெருக்களில் இத்தகைய கேள்வி மரபு நிலைபெற்றிருந்தது என்பதற்குப் பிறர் தரும் சான்று ஒன்றுண்டு. கும்பகோணம் கல்லூரியில் 1880ஆம் ஆண்டு தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கினார். சுவடி கையில் இருந்தது. நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. இலக்கியப் புலமையோ கடல்போல் இருந்தது. ஆயினும் சமண சமயச் செய்திகள் வந்த இடமெல்லாம் பொருள் விளங்கவில்லை. அவ்வூரில் வாழ்ந்த சமணர் இல்லங்களைத் தேடி வந்தார். அங்கே சிந்தாமணியைப் பாராயணமாகப் படித்துக் கேட்கும் வழக்கம் இருந்ததைக் கண்டு வியந்தார். சந்திரநாத செட்டியார் முதலானோரிடம் நாள்தோறும் வினவினார். அவர்கள் வாய்மொழியாகச் சொன்னார்கள். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அச்செட்டியாரின் பெயரைத் தம் வரலாற்று நூலில் ஐயர் நன்றியோடு பதிவு செய்துள்ளார். கற்பித்தவர் பெயரை மறையாமையை நாம் ஞானாசாரம் எட்டனுள் ஒன்றாக, 'அநிஹ்நவம்' என்று வகுத்திருக்கின்றோம். சைவராகிய அவர் அதனைக் கைக்கொண்டு காட்டினார்.

இந்நிகழ்ச்சியை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றோம். அதில் இன்று நம்மை உறுத்த வேண்டிய ஒன்றும் உண்டு. ஐயர் தட்டிய கதவுக்குப் பின்னால் விடை சொல்ல ஆள் இருந்தார்கள். அவர்கள் பட்டம் பெற்ற பண்டிதர்கள் அல்லர், இல்லறத்தார். தந்தையோ பாட்டனோ படிக்கக் கேட்டு, ஐயம் வினவி, தெளிந்தவர்கள். இன்று அத்தகைய ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினால், எழுந்து சென்று நூலை எடுத்துத் தருவோம். விளக்குவோர் எத்தனை பேர்?

நூல்களுக்கு இன்று குறைவில்லை. கைப்பேசியைத் தொட்டால் ஆகம நூல்களும், முனிவர்களின் பிரவசன ஒலிப்பதிவுகளும் வந்து நிற்கின்றன. நோயுற்றோர்க்கும் தொலைவில் வாழ்வோர்க்கும் அவை பெரும் உதவி. ஆனால் பதிவுக்குச் செவியில்லை. நெற்றி சுருங்குவதை அது காணாது. சிறுமி எழுந்து நின்றால் தன் பேச்சை நிறுத்தாது. ஐவகை லப்தியுள் தேசனா லப்தி என்று ஒன்றை வைத்தார்கள். அறவுரையைப் பெறுவதும், அதனை ஏற்று உள்ளத்தில் பதிப்பதும் சேர்ந்ததே அது. நற்காட்சி இயல்பாகவே எழுவதும் உண்டு, பிறர் உரைப்பதால் எழுவதும் உண்டு எனத் தத்துவார்த்த சூத்திரம் இருவகையாகப் பிரிக்கின்றது. இயல்பாக எழுவதற்கும் முற்பிறவியில் எப்போதோ கேட்ட அறவுரை காரணமாக நிற்கும் என்று உரைகாரர் விளக்குவர். ஆகவே இன்று ஒரு குழந்தையின் செவியில் நாம் பொறுமையோடு சொல்லும் ஒரு சொல் எப்பிறவியில் முளைக்குமென்று நம்மால் அளவிட முடியாது.

இவ்வாண்டுச் சுருத பஞ்சமிக்கு ஒன்றை மட்டும் வேண்டுகின்றேன். பூசை முடிந்ததும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அப்போது பெரியோர் எவரும் பேச வேண்டா. குழந்தைகள் கேட்கட்டும், எதை வேண்டுமானாலும் கேட்கட்டும், சிரிப்பவரை அமைதிப்படுத்துங்கள். தெரிந்தவற்றுக்கு அங்கேயே விடை சொல்லுங்கள். தெரியாதவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில், கேட்ட குழந்தையின் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். மடத்துப் பெரியோரையும், விகாரம் செய்து வரும் முனிவர்களையும் காணும்போது அந்நோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். விடை கிடைத்ததும் அக்குழந்தையை அழைத்துச் சொல்லுங்கள். பின்னர் அவ்விடையை அடுத்த வகுப்புச் சிறுவர்க்கு அக்குழந்தையையே சொல்லச் செய்யுங்கள். பவணந்தியார் சொன்ன அரைப்பங்கு அங்கேதான் இருக்கின்றது. நான் கண்ட அந்தச் சிறுமியின் வினாவையே முதல் பக்கத்தில் எழுதலாம். அதற்கு விடையை மேலே தந்திருக்கின்றேன். அதில் ஐயமிருப்பின் அதனையும் எழுதிக் கேளுங்கள்.